சாயம் குறைந்ததா, கண் ஏமாந்ததா?
துணிப்பையின் நிறத்தை எண்ணால் அளக்கும் முறை

மஞ்சள் துணிப்பை இன்று ஜவுளிக் கடைக்காரர்களின் சரக்கு மட்டும் அல்ல. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இவற்றுக்குப் பிறகு மளிகைக் கடை, பாத்திரக் கடை, மருந்துக் கடை என எல்லோரும் கடைப் பெயர் அச்சிட்ட துணிப்பை வாங்கத் தொடங்கிவிட்டோம். அரிசி, பருப்பு வாங்கும்போது தரம் பார்க்கத் தெரிந்த நமக்குச் சாயத்துணியின் தரம் பார்க்கத் தெரியவில்லை. அதனால் வருகின்ற சண்டைகள் கொஞ்சநஞ்சம் அல்ல.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் முதல் தடவை வாங்கிய பை அடர்ந்த மஞ்சளாக, மங்களகரமாக இருந்தது. வாடிக்கையாளர்களுக்கும் பிடித்துப்போயிற்று. அதே இடத்தில் இரண்டாவது தடவை ஆர்டர் கொடுத்தார். வந்து இறங்கியது வெளிறிய மஞ்சள். பை தைத்துக் கொடுத்தவரைப் போனில் கூப்பிட்டார். அவரோ, "அண்ணாச்சி, அதே பட்டறை, அதே சாயம், அதே கணக்கு. உங்கள் கடை டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது" என்றார். நண்பர் புதுப் பையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அவர் தம்மிடம் இருந்த பழைய பையைப் போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்பினார். இரண்டு போட்டோவிலும் மஞ்சள் ஒன்றுபோலவே இருந்தது! நண்பர் வாயடைத்துப் போனார். பணத்தைக் கட்டிவிடலாம் என்கிற நிலைக்கும் வந்துவிட்டார்.

இங்கேதான் நமது பாடம் தொடங்குகிறது. அந்த இரண்டு போட்டோக்களும் பொய்சாட்சி. வேண்டுமென்று யாரும் செய்ததல்ல. செல்போன் கேமரா தானாகவே செய்தது. வெளிச்சம் குறைவாக இருந்தால் கூட்டும், கூடுதலாக இருந்தால் குறைக்கும். விளக்கு மஞ்சளடித்தால் அதைச் சரிக்கட்டி வெள்ளையை வெள்ளையாகக் காட்ட முயலும். படம் முழுவதும் மஞ்சள் துணியே நிறைந்திருக்கும்போது எது விளக்கின் மஞ்சள், எது துணியின் மஞ்சள் என்று அதற்குத் தெரியாது. எனவே தனித்தனியாக எடுத்த இரண்டு படங்களை வைத்து நிறத்தை ஒப்பிடவே கூடாது. அது, ஒரு கடைத் தராசில் நிறுத்த சரக்கையும் வேறொரு கடைத் தராசில் நிறுத்த சரக்கையும் முத்திரை பார்க்காமல் ஒப்பிடுவது போன்றது.

ஆனால் அதே கேமராவில், மாதிரியையும் வந்த சரக்கையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தால் கதை வேறு. அப்போது கேமரா எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே செய்கிறது. வித்தியாசம் வித்தியாசமாகவே நிற்கும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் கட்டுரையின் பாதி கைவசமாகிவிட்டது.

ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்?

ஏற்றுமதி நிறுவனங்களிலும், கோவையில் 1956-ல் தொடங்கப்பட்ட சிட்ரா போன்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையங்களிலும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. துணியின் மீது வெள்ளொளியைப் பாய்ச்சி, ஊதா முதல் சிவப்பு வரை ஒவ்வொரு அலைநீளத்திலும் எத்தனை சதவீத ஒளி திரும்பி வருகிறது என்று அது அளக்கும். அதிலிருந்து நிறத்தை மூன்று எண்களாகச் சொல்வார்கள். எல் என்பது கறுப்பு 0, வெள்ளை 100 என்ற வெளுப்பின் அளவு. ஏ என்பது பச்சையா சிவப்பா என்பது. பி என்பது நீலமா மஞ்சளா என்பது. பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1976-ல் வகுத்த முறை இது. இரண்டு துணிகளின் எண்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை 'டெல்டா ஈ' என்ற ஒரே எண்ணாகச் சொல்வதும் உண்டு. அது 1-க்கு அருகில் இருந்தால் பழகிய கண்ணுக்கே சிரமப்பட்டுத்தான் வித்தியாசம் தெரியும்.

கருவியின் விலை பல லட்சம். ஆயிரம் பை வாங்கும் கடைக்காரருக்கு அது தேவையும் இல்லை. நமக்கு வேண்டியது "சாயம் ஏறக்குறைய எவ்வளவு குறைந்திருக்கிறது" என்ற கேள்விக்குப் பதில். அதற்கு ஒரு செல்போனோ ஸ்கேனரோ, ஒரு கம்ப்யூட்டரோ, பள்ளிக்கூடக் கணக்கோ போதும்.

படம் எடுக்கும் முறை

காலை பத்து மணிக்கு மேல், நேர்வெயில் படாத திண்ணையிலோ மொட்டை மாடி நிழலிலோ எடுப்பது நல்லது. பக்கத்தில் சிவப்புச் சுவரோ பச்சைப் பந்தலோ இருந்தால் அதன் சாயல் துணியில் விழும், இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பிளாஷ் கூடவே கூடாது.

மாதிரித் துண்டையும் சரக்கிலிருந்து எடுத்த பையையும் நாலு மடிப்பாக மடியுங்கள். ஒற்றையாக வைத்தால் அடியில் இருக்கும் மேசையின் நிறம் ஊடுருவும். இரண்டும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத் துணி அடர்ந்து தெரியும் என்பது வண்ணானுக்கும் தெரிந்த விஷயம். இஸ்திரி போட்ட சூட்டோடும் வைக்கக் கூடாது, சில சாயங்கள் சூட்டில் நிறம் மாறி, ஆறியபின் பழையபடி ஆகும். நூலோட்டம் இரண்டிலும் ஒரே திசையில் இருக்கட்டும்.

நடுவில் ஒரு வெள்ளை வைக்க வேண்டும். வெள்ளைத் தாள் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் தற்காலத் தாள்களில் வெண்மை கூட்டும் பொருள் சேர்க்கிறார்கள். அது வெயிலின் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளியிடும். மஞ்சளை அளப்பதற்கு நாம் நீலத்தைத்தான் கவனிக்கப் போகிறோம் என்பதால் அது கணக்கைக் கெடுக்கும். ஹார்டுவேர் கடையில் குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் கிடைக்கிறது அல்லவா, அதை ஒரு அட்டையில் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த கருவிகளோடு வரும் வெள்ளை வில்லைகளில் பலவும் இதே பொருளை இறுக்கிச் செய்தவைதான்.

இடப்பக்கம் மாதிரி, நடுவில் வெள்ளை, வலப்பக்கம் சரக்கு. மூன்றும் படத்தின் மையப் பகுதியில் வரும்படி, போனின் நிழல் விழாமல், மேலிருந்து நேராக எடுங்கள். பிறகு மாதிரியையும் சரக்கையும் இடம் மாற்றி வைத்து இன்னொரு படம். ஒரு பக்கம் வெளிச்சம் கூடுதலாக இருந்தால் இப்படி மாற்றும்போது வெளிப்பட்டுவிடும். தட்டு மாற்றிப் போட்டுத் தராசைச் சோதிப்பது நம் தொழிலில் பழைய வழக்கம்தானே!

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. அதன் விளக்கு மாறாதது, வெளி வெளிச்சம் உள்ளே வராது. 'ஆட்டோ' என்று ஆரம்பிக்கும் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் கண்ணாடியில் வைத்து எடுத்தால் போதும். ஜெராக்ஸ் கடை ஸ்கேனரே போதுமானது.

எந்த எண்ணைப் பார்ப்பது?

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கிம்ப் என்ற மென்பொருளில், அல்லது விஞ்ஞானிகள் பயன்படுத்தும் இமேஜ்-ஜே என்ற மென்பொருளில் (இரண்டும் இலவசம்) துணியின் மேல் ஒரு சதுரம் வரைந்து 'ஹிஸ்டோகிராம்' என்பதைத் திறந்தால் அந்தச் சதுரத்தில் உள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளின் சராசரியைச் சொல்லும். ஒரே ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நூலுக்கும் நூல் இடுக்குக்குமே எண் வெகுவாக மாறும்.

மூன்றில் எதைப் பார்ப்பது என்பதில் பலர் தவறுவார்கள். சிவப்புத் துணி சிவப்பாகத் தெரிவது, அதன் சாயம் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிடுவதால். சாயம் எதை விழுங்குகிறதோ அதில்தான் சாயத்தின் பலம் தெரியும். ஆகவே மஞ்சள் துணிக்கு நீல எண்ணைப் பாருங்கள். சிவப்புக்குப் பச்சை எண். நீலத்துக்குச் சிவப்பு எண். மஞ்சள் பையின் சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டு "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அங்கே எப்போதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எண் 5-க்குக் கீழோ 250-க்கு மேலோ வந்தால் அந்தப் படம் உதவாது. கேமராவின் எல்லை முடிந்துவிட்டது என்று பொருள். இந்தக் காரணத்தால் கறுப்பையும் மிக அடர்ந்த கருநீலத்தையும் இந்த முறையில் அளக்க முயல வேண்டாம்.

கணக்கு

இப்போது எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். நீல எண், வெள்ளை டேப்பில் 225, மாதிரிப் பையில் 77, வந்த சரக்கில் 108 என்று வைத்துக்கொள்வோம். 77-க்கும் 108-க்கும் வித்தியாசம் 31 தானே, 255-ல் 31 என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு, போகட்டும் என்று விட்டுவிடத் தோன்றும். இதுதான் நஷ்டப்படும் இடம்.

முதலாவது, படத்தின் எண் ஒளியின் அளவு அல்ல. கம்ப்யூட்டர் படங்கள் கண்ணுக்கு ஏற்றபடி வளைத்து எழுதப்படுகின்றன. எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது முறைப்படி 128 என்றால் பாதி ஒளி அல்ல, 21.6 சதவீதம்தான். பாதி ஒளிக்கு எண் 188. கைக்கு உதவியாகச் சில எண்கள் தருகிறேன்: 50 என்றால் 3.2 சதவீதம், 77 என்றால் 7.4, 89 என்றால் 10, 108 என்றால் 15, 124 என்றால் 20, 150 என்றால் 30.5, 225 என்றால் 75.

வெள்ளை டேப்பின் 75-ஐ முழு ஒளியாகக் கொண்டால், மாதிரி திருப்பி அனுப்பியது 7.4 வகுத்தல் 75, அதாவது ஏறத்தாழ 10 சதவீதம். வந்த சரக்கு 15 வகுத்தல் 75, அதாவது 20 சதவீதம்.

இரண்டாவது, திரும்பும் ஒளி இரு மடங்கு ஆனால் சாயம் பாதி என்றும் பொருள் அல்ல. துணியில் முதலில் ஏறும் கொஞ்சம் சாயம் நிறைய ஒளியை விழுங்கிவிடும். மேலும் மேலும் ஏறும் சாயத்துக்கு விழுங்க மிச்சம் இருக்கும் ஒளி குறைவு. இந்த உறவை 1931-ல் குபெல்கா, முங்க் என்ற இருவர் வண்ணப் பூச்சுகளுக்காகக் கண்டுபிடித்தார்கள். பிறகு சாயத் தொழிலும் அதையே எடுத்துக்கொண்டது. கே/எஸ் என்று சாயக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஒன்றிலிருந்து திரும்பும் ஒளியைக் கழியுங்கள். வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். திரும்பும் ஒளியின் இரு மடங்கால் வகுங்கள்.

மாதிரிக்கு: 1-ல் 0.10 போக 0.90, அதன் வர்க்கம் 0.81, அதை 0.20-ஆல் வகுத்தால் 4.05. சரக்குக்கு: 1-ல் 0.20 போக 0.80; வர்க்கம் 0.64, அதை 0.40-ஆல் வகுத்தால் 1.60. இந்த எண் துணியில் நிற்கும் சாயத்தின் அளவோடு ஏறக்குறைய ஒத்துப் போகும். 4.05 இருக்க வேண்டிய இடத்தில் 1.60. நூற்றுக்கு நாற்பது! கண்ணுக்குக் "கொஞ்சம் வெளுத்தாற்போல" தெரிந்தது உண்மையில் பாதிக்கும் குறைவான சாயம்.

செல்போன்கள் எஸ்.ஆர்.ஜி.பி. முறையை அச்சுப் பிசகாமல் பின்பற்றுவதில்லை. படம் பளிச்சென்று தெரிவதற்காகத் தங்கள் இஷ்டத்துக்கும் கொஞ்சம் வளைக்கும். ஆகவே நூற்றுக்கு நாற்பது என்பதை முப்பத்தைந்தாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு என்று வந்தால் அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த அளவு வித்தியாசம் லாட்டுக்கு லாட் வருவதுதான். நமது அளவின் பிழையும் அதற்குள்தான் அடங்கும்.

சாயக்காரர் பக்கத்து நியாயம்

எண் கையில் கிடைத்தவுடன் சாயக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுவதும் தவறு. பை செய்யும் துணி பெரும்பாலும் காடா. அதுவே இயற்கையில் சற்று மஞ்சள். முதல் தடவை வெளுக்காத காடாவிலும், அடுத்த தடவை வெளுத்த துணியிலும் சாயம் போட்டிருந்தால் ஒரே அளவு சாயத்துக்கே நிறம் வேறாகும். சாயம் போடாத துணித் துண்டு ஒன்றையும் வாங்கி அளந்து, அதன் கே/எஸ் எண்ணை இரண்டிலிருந்தும் கழித்துவிட வேண்டும். வெளிர் நிறங்களில்தான் இது பெரிய வித்தியாசம் காட்டும். நூலின் தடிமன், நெசவு நெருக்கம், மெர்சரைஸ் செய்ததா என்பதெல்லாமும் நிறத்தை மாற்றும். மெர்சரைஸ் செய்த பருத்தி அதே சாயத்தில் அடர்ந்து தெரியும்.

இன்னொன்று, சிவப்பு பச்சை நீலம் என்ற மூன்றே எண்களால் பிடிபடாத சங்கதி ஒன்று உண்டு. வேறு வேறு சாயங்கள் கலந்து செய்த இரண்டு துணிகள் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகவும், கடை விளக்கில் வேறாகவும் தெரியும். அந்தப் பை தைப்பவர் டியூப்லைட்டைக் குறை சொன்னாரே, அது முழுக்கப் பொய்யான வாதம் அல்ல. பகலில் ஒன்று, கடை விளக்கின் கீழ் ஒன்று என இரண்டு வெளிச்சத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் ஒத்து மற்றொன்றில் ஒவ்வாமல் போனால், மாற்றப்பட்டது சாயத்தின் அளவு அல்ல, சாயமே.

நிறம் நிற்குமா?

அடர்ந்த நிறம் நல்ல நிறம் என்றும் நினைத்துவிட வேண்டாம். பருத்திக்கு இன்று பரவலாகப் போடும் ரியாக்டிவ் சாயம், காரத்தின் உதவியால் நூலோடு ரசாயனப் பிணைப்பு கொள்ளும். 1956-ல் சந்தைக்கு வந்த வகை இது. பிணையாமல் நூலின் மேல் தங்கிய சாயத்தைக் கொதிநீரில் சோப்பிட்டுக் கழுவி எடுக்க வேண்டும். அந்தக் கழுவலுக்குத் தண்ணீர் செலவு, விறகுச் செலவு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டதும், கழிவுநீரை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்த பின்னரே திறக்க முடிந்ததும் நாம் அறிந்ததே. கழுவலைக் குறைத்தால் செலவு மிச்சம், பையும் அடர்ந்து தெரியும். மழையில் நனைந்தால் வாடிக்கையாளரின் வெள்ளை வேட்டியில் மஞ்சள் ஏறும். பையில் போட்ட வெல்லத்திலும் உப்பிலும் ஏறும். அமெரிக்காவில் 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை விற்றார்கள் ஒரு காலத்தில். மளிகைக் கடைப் பைக்கு அந்தச் சாமர்த்தியம் செல்லாது.

ஆய்வகத்தில் இதற்கு உரசல் சோதனை உண்டு. ஐ.எஸ்.ஓ. 105-ன் எக்ஸ்12 பகுதி. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையில் வெள்ளைத் துணியைக் கட்டி, 9 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 920 கிராம் எடையின் அழுத்தத்தில், உலர்வாக ஒரு முறையும் ஈரமாக ஒரு முறையும் பத்துப் பத்துத் தடவை தேய்ப்பார்கள். வெள்ளையில் ஏறிய கறையைச் சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை.

கடையில் ஒரு கிலோ எடைக்கல் இருக்கிறது. அதன் அடியில் நனைத்துப் பிழிந்த வெள்ளை மல் துணியைக் கட்டி, பையின் மேல் பத்துத் தடவை இழுங்கள். எடைக்கல்லின் அடிப்பாகம் அகலம் என்பதால் ஆய்வகச் சோதனையைவிட அழுத்தம் குறைவு. ஆகவே ஆய்வக மதிப்பெண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் மாதிரிப் பைக்கும் சரக்குப் பைக்கும் ஒரே கல், ஒரே துணி, ஒரே எண்ணிக்கை என்பதால் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். இரண்டு வெள்ளைத் துணிகளையும் உலர்த்தி, முன்சொன்னபடியே ஒரே படத்தில் எடுத்து, நீல எண்ணைப் பாருங்கள்.

இதே முறையில் மிளகாய்த்தூளை அளக்கலாமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். வேண்டாம். தூள் நைசாக அரைபட அரைபட ஒளியைக் கூடுதலாகச் சிதறடித்து வெளிறித் தெரியும். அதனால் நல்ல வற்றலை நைசாக அரைத்தவர் மேல் பழி விழும். மிளகாயின் நிறத்தை அசிட்டோனில் கரைத்தெடுத்து, 460 நானோமீட்டர் ஒளியில் அளந்து ஆஸ்டா எண்ணாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1930-ம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17-ம் பிரிவு மாதிரி காட்டி விற்பதைப் பற்றியது. வந்த சரக்கு தரத்தில் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்புத் தரப்பட வேண்டும். அதே சட்டத்தின் 42-ம் பிரிவையும் மறக்கக் கூடாது. நியாயமான காலம் கடந்தும், வேண்டாம் என்று தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். கட்டைப் பிரிக்காமல் குடோனில் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து நிறம் சரியில்லை என்று எழுதினால் யார் கேட்பார்கள்? மேலும், துணியை நாமே வாங்கிக் கொடுத்துச் சாயம் மட்டும் ஏற்றச் சொன்னால் அது விற்பனை அல்ல, கூலி வேலை. அங்கே நாம் எழுதி வாங்கிய ஒப்பந்தம்தான் பேசும்.

நமது நண்பர் விஷயத்துக்கு வருவோம். நல்லவேளையாக முதல் லாட்டில் மிஞ்சிய ஒரு பை பீரோவில் பிரிக்காமல் இருந்தது. கடை வாசலில் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து ஒப்பிட்டிருந்தால் புதுச் சரக்கே அடர்ந்து தெரிந்திருக்கும். அது வெயிலில் அவ்வளவு வெளுத்துப் போயிருந்தது! பீரோப் பையையும் புதுப் பையையும் பை தைப்பவர் முன்னிலையிலேயே திண்ணையில் வைத்துப் படம் எடுத்து, இடம் மாற்றி எடுத்து, கணக்கையும் அவர் கையாலேயே போட வைத்தோம். சாயம் பாதிக்குக் கீழே என்று வந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பட்டறைக்குப் போன் போட்டார். விசாரித்ததில், அங்கே பழைய சாயம் தீர்ந்து, வேறு கம்பெனிச் சாயத்தை அதே எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அதன் வீரியம் குறைவு. "அதே கணக்கு" என்று அவர் சொன்னதும் பொய்யில்லை, நண்பர் சொன்னதும் பொய்யில்லை. அச்சு ஏறாத பைகளை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். கடைப் பெயர் அச்சான பைகளுக்கு விலையைக் குறைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நண்பர் ஆர்டர் கொடுக்கும் முறையை மாற்றிவிட்டார். சம்மதித்த மாதிரியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டிலும் தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்றாகக் காக்கிக் கவரில் வைத்து வெளிச்சம் படாமல் வைத்துக்கொள்கிறார்கள். ஆர்டர் சீட்டில் மூன்று வரி கூடுதலாக எழுதுகிறார்: நிறம் கையெழுத்திட்ட மாதிரிப்படி, பகல் வெளிச்சத்தில், மாதிரியின் சாய பலத்தில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறைந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், ஈரத்துணியால் பத்துத் தடவை தேய்த்தால் மாதிரியைவிடக் கூடுதல் கறை ஏறக் கூடாது. சரக்கு இறங்கிய அன்றே, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பை எடுத்துத் திண்ணைக்குக் கொண்டுபோகிறார்.